உப்பளத்தின் குரல்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வினோத்குமார் வந்தபோது, மோகன்ராஜ் டர்ன்டேபிளின் ஊசியை மெல்லிய பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தான். சேலையூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். வினோத்குமார் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நேராக வந்திருந்தான். கையில் இரண்டு பிளைவுட் பலகைகள். அவற்றை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். நடுவில் ஒரு இசைத்தட்டு.

"இன்னாத்துக்கு பலகைன்னு பாக்காதண்ணா. ஜி.எஸ்.டி ரோடு ஃபுல்லா வெயிலு. சூடு பட்டா வளைஞ்சிக்கும்."

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த மெட்டல் ராக் கச்சேரி மழையில் பாதியில் நின்றுபோனபோது, இருவரும் கிழிந்து தொங்கிய ஒரே பேனருக்கு அடியில் ஒதுங்கினார்கள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். பம்மலில் வினோத்குமாரின் வீட்டில் டர்ன்டேபிள் வைக்க இடமில்லை. அவன் வாங்கும் ரெக்கார்டுகளும் இங்கேதான் இருந்தன. மோகன்ராஜிடம் நானூறுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. எந்த வருடம், எந்த ஸ்டுடியோ, எந்த டிரம்மர் எந்த ஆல்பத்துக்குப் பிறகு சண்டை போட்டு விலகினான், எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பிறருடைய தவறுகளைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. கண்டுபிடித்ததை விளக்கிச் சொல்வது வீட்டிலும் தொடர்ந்தது. அவன் மனைவி சுஜி பதினேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறவள். விடைத்தாள் திருத்தியபடியே "ம்" போடுவாள். அவளுக்கு இந்த இசையில் ஈடுபாடில்லை என்பதும், இருந்தும் பொறுத்துக்கொள்கிறாள் என்பதும் அவன் முடிவு.

வினோத்குமார் கயிற்றை அவிழ்த்தான். அட்டையில் வெள்ளையாக ஒரு உப்பளம், அதன் நடுவே சாய்ந்த மின்கம்பம். மேலே தமிழில் 'உப்பளம்' என்று இருந்தது.

"கெடச்சிருச்சா?" மோகன்ராஜ் பிரஷைக் கீழே வைத்தான்.

கேளம்பாக்கத்தில் இரண்டாயிரத்து நாலில் தொடங்கி, ஒரே வருடத்தில் காணாமல் போன இசைக்குழு அது. அப்போது இருபது சிடி போட்டுக் கைக்குக் கை கொடுத்திருக்கிறார்கள். அதன் ஒரு தேய்ந்த நகல் இணையத்தில் சுற்றி, வெளிநாட்டில் நாலு பேர் கேட்டு, இப்போது பின்லாந்தில் ஏதோ ஒரு சின்ன கம்பெனி இருநூறு இசைத்தட்டு வெளியிட்டிருந்தது. கிட்டார் கோபு, டிரம்ஸ் ஜேசன் என்று உள்தாளில் போட்டிருந்தது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பழைய சிடியில் இருந்ததுபோலவே, வெறும் 'எஸ்'. அடிவயிற்றிலிருந்து வரும் அந்த உறுமல் யாருடையது என்று ரசிகர் குழுக்களில் இரண்டு வருடமாக விவாதம். 'எஸ்' என்பது சுரேஷ் என்றான் ஒருவன். செத்துப்போய்விட்டான் என்றுகூட ஒருவன் எழுதினான். மோகன்ராஜும் நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தான்: ஆறடிக்குக் குறையாத ஆள், நுரையீரல் பெரியது, அனேகமாக நீச்சல்காரன்.

முதல் பக்கம் ஓடியது. சுஜி டீ கொண்டுவந்தாள். டீப்பாயில் அட்டை கிடந்தது. அவள் தட்டை அதன்மேல் வைக்கப் போய், கையை நிறுத்தி, சோபாவின் ஓரத்தில் வைத்தாள்.

"அண்ணி, நம்ம கேளம்பாக்கம் பேண்டு. கேக்கறியா?"

"துணி காஞ்சிருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனாள்.

மோகன்ராஜ் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டான். இணையத்தில் இருந்த நகலில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. பாட்டு தொடங்குமுன் நாலைந்து நொடி, ரெக்கார்டிங் அறையின் சத்தம். ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம், யாரோ ஸ்டூலை இழுப்பது, பிறகு ஒரு பெண்குரல்: "இருங்கடா, ஒரு நிமிஷம்." வார்த்தைகள் தெளிவாக இல்லை. பற்களுக்கு நடுவில் எதையோ கடித்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

மோகன்ராஜ் ஊசியைத் தூக்கினான். மறுபடி வைத்தான்.

"இன்னாண்ணா, கீறலா?"

"இல்ல."

"அது யாரோ ரெக்கார்டிங் பாக்க வந்த பொண்ணா இருக்கும். விடுண்ணா, பாட்டு ஓடட்டும்."

தினமும் காலை ஆறேமுக்காலுக்குக் கண்ணாடி முன்னால் நின்று, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, கொண்டையைச் சுருட்டிக்கொண்டே சுஜி அப்படித்தான் பேசுவாள். "இருங்க, ஒரு நிமிஷம்." 'ரு' வழுக்கும். 'மி'யில் காற்று வரும். பதினேழு வருடம் கேட்ட ஒன்றை வேறு யாருடையது என்று சொல்லிக்கொள்ள அவனால் முடியவில்லை. அவள் பேசி முடித்த அடுத்த நொடியில், அதே இடத்திலிருந்து, அந்த உறுமல் கிளம்பியது.

வினோத்குமார் தலையாட்டிக்கொண்டிருந்தான். எப்போதும் பாட்டுக்கு நடுவே நாலு தகவலாவது சொல்கிற மோகன்ராஜ் இன்றைக்கு வாயே திறக்காதது நண்பனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். "ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணா?" என்று கேட்டான். ஐந்து மணிக்குக் கிளம்பும்போது, "இங்கயே இர்க்கட்டும். நல்லா கேட்டு வெய்யி. அட்த்த வாரம் பேசிக்கலாம்" என்று பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

சுஜி படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சின்மயி டியூஷன் முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"சுஜி, அது நீயா?"

அவள் சட்டையின் கையை உள்ளே மடித்தாள். "ஆமா."

அவ்வளவு எளிதாகச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். முதலில் வந்தது கோபம்தான். ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம். அதன் பின்னாலேயே, வெட்கமில்லாமல் ஒரு பெருமை. உலகத்தில் இருநூறு பேர் தேடும் ஆள் தன் வீட்டில் துணி மடிக்கிறாள். கை தானாகப் போனை எடுத்தது. ரசிகர் குழுவைத் திறந்து, 'எஸ் யாரென்று தெரிந்துவிட்டது' என்று அடிக்கவே தொடங்கிவிட்டான்.

"என்ன எழுதறீங்க?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பொண்ணு பாக்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? மாடில தனியா பேசச் சொன்னாங்க. நீங்க உங்க ரெக்கார்டு பத்தி சொன்னீங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம். இந்த மியூசிக்ல பொண்ணுங்க பாடுவாங்களான்னு சும்மா கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"பொண்ணுங்க தொண்டைக்கு அது வராது, ஒண்ணு ரெண்டு பேர் ட்ரை பண்ணியிருக்காங்க, கேக்க சகிக்காதுன்னீங்க. ரொம்ப நேரம் விளக்குனீங்க. நான் சொல்ல வாயத் தெறந்தேன், உங்க அம்மா கேசரியோட மேல வந்துட்டாங்க."

அவனுக்கு அந்த மொட்டைமாடி ஞாபகமிருந்தது. அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் ஞாபகமிருந்தது. சொன்னது ஞாபகமில்லை. ஆனால் சொல்லியிருப்பான். போன மாதம்கூட வினோத்குமாரிடம் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னான்.

"அதுக்கப்புறம் பதினேழு வருஷம் இருந்துச்சே சுஜி."

"இருந்துச்சு. சொல்லலாம்னு வருவேன். நீங்க ஒரு ரெக்கார்ட எடுத்து வெச்சு சொல்லிக் குடுத்துட்டு இருப்பீங்க. டிரம்ஸ் எப்படிக் கேக்கணும், எங்க மூச்செடுக்கறான்னு." அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. "தப்பா சொல்லிக் குடுக்கல. எனக்குத் தெரியும்னு சொல்ல எடம் இல்ல, அவ்ளோதான்."

கேளம்பாக்கத்தில் கோபுவின் சித்தப்பாவுக்கு உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகை இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் பயிற்சி. தகரக் கூரை அதிரும். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். ஒரு வருடம். பிறகு ஜேசனுக்கு துபாயில் வேலை, இவளுக்கு பி.எட். யாரும் தடுக்கவில்லை, யாரும் அழவில்லை. போன வருடம் கோபு மெயில் அனுப்பி, பெயர் போடலாமா என்று கேட்டிருக்கிறான்.

"வேணாம்னுட்டேன். ஸ்கூல்ல பசங்க தேடிக் கண்டுபிடிப்பாங்க, அது ஒண்ணு." கடைசித் துணியை அடுக்கின்மேல் வைத்தாள். "என் பேர அட்டையில படிச்சு நீங்க தெரிஞ்சுக்கறது எனக்குப் பிடிக்கல. அது ஒண்ணு."

மோகன்ராஜ் போனை எடுத்து, அடித்து வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். நீச்சல்காரன் பதிவு கண்ணில் பட்டது. அதற்குக் கீழே முப்பத்தொரு பேர் ஆமோதித்திருந்தார்கள். அதையும் அழித்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் அதுவும் ஒரு நீண்ட விளக்கமாகத்தான் வரும் என்று பயந்து விட்டுவிட்டான்.

வெளியே விளக்கு போடும் நேரமாகியிருந்தது. கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"ரெண்டாவது பக்கம் நான் இன்னும் முழுசா கேக்கல" என்றாள் சுஜி. "கோபு ஃபைல் அனுப்பினான். தெறக்கல."

"போடட்டுமா?"

"போடுங்க. ஆனா நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

அவன் தலையசைத்தான். இசைத்தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வைத்து, ஊசியை இறக்கிவிட்டு, சோபாவுக்குப் போகாமல் தரையில், அலமாரியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தான். சுஜி உட்காரவில்லை. ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி, கைகளைத் தொங்கவிட்டு, கால்களைச் சற்று அகட்டி நின்றாள். அப்படி அவள் நின்று அவன் பார்த்ததில்லை.

ரீங்காரம் வந்தது. ஸ்டூல் இழுபட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண் பின்னைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் இருக்கச் சொன்னாள். பிறகு மைக்குக்கு வெகு அருகில், நீளமாக ஒரு மூச்சு உள்ளே போகும் சத்தம். அந்த மூச்சு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரவில்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்களை மூடியிருந்தாள். விலா விரிந்து, தோள் அசையாமல், கழுத்தின் இரு பக்கமும் நரம்பு எழுந்து நின்றது.