பெட்டி சொன்ன இரண்டு தரம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. 2008 கார்த்திகையில் எங்கள் ஊர்ப் பொதுப் புளியமரங்களின் குத்தகை ஏலத்தை ஒரு பெட்டி கெடுத்தது. அதை ஒரு கலைஞனின் கதையாக எழுதிப் பேர் வாங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

'வருசநாட்டு மலைகளுக்கு நடுவே ஒரு மேதை, ஒலியின் ரகசியத்தை...'

(அடித்துவிட்டேன். விஜயபாண்டியாவது மேதையாவது.)

2

விஜயபாண்டி கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். மாடுலர் சிந்தசைசர் என்று ஒயர் தொங்கும் அலமாரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அதில் சொருக அவனே பற்றவைத்த பெட்டி, உள்ளே போகும் குரலைக் கரகரப்பாக்கித் தாமதமாகத் திரும்பத் துப்பும்.* யாரும் கேட்காமலே அதை ஏல மைக்கில் மாட்டினான்.

* டிலே, டிஸ்டார்ஷன் என்பான். புரிந்ததுபோல் தலையாட்டுவோம்.

3

புருசன் விட்டுப்போன பிறகு பூமாரிக்கு அந்தப் புளிதான் சோறு. ஆறு வருசமாக அவள்தான் குத்தகை. அன்று செல்லப்பாண்டி போட்டிக்கு வந்து ஏற்றிக் கேட்டான். ஏலம் கூறிய சுந்தரலிங்கம் "ஒரு தரம்" என்றார். பெட்டி அதையே இன்னும் இரண்டு முறை சொன்னது; மூன்று தரம் ஆகிவிட்டது. பூமாரி மேலே கேட்க வாயெடுப்பதற்குள் செல்லப்பாண்டிக்கு மாலை விழுந்துவிட்டது.

"மாமா, நீங்க சொன்னது ஒரு தரந்தான். மத்த ரெண்டும் பொட்டி சொன்னது" என்றாள் பூமாரி.

பெட்டி சொன்னாலும் குரல் சுந்தரலிங்கத்துடையது, ஆகவே செல்லும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. இந்த மாதிரி ஞானத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.

அது வெறும் எதிரொலி, தரம் ஆகாது என்று விஜயபாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மாசித் திருவிழாக் கச்சேரி சுந்தரலிங்கத்தின் கையில் இருந்தது. அவன் கேட்டது இதுதான்: "சத்தம் நல்லா இருந்துச்சுல்ல மாமா?"

4

முடிவு அ: அவன் மேடையேறி உண்மையைச் சொல்கிறான். (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

முடிவு ஆ: பெட்டியைப் போட்டு உடைக்கிறான். (அவனா? அதற்கு வெல்வெட்டில் உறை தைத்து வைத்திருக்கிறான்.)

முடிவு இ: பூமாரி...

5

அந்த வாக்கியத்தை முடிக்க அவளிடமே போனேன். இப்போது அவள் விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்துக் கேரளத்து எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறாள். முதல் இரண்டு முடிவையும் சொல்லி, மூன்றாவதை எப்படி வைப்பது என்று கேட்டேன்.

"எத வேணும்னாலும் வச்சுக்கங்கண்ணே. அன்னைக்கு நீங்களும் முன்னாடி சேர்லதான உக்காந்திருந்தீக. நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

ஜீப் கிளம்பிவிட்டது.

வாயைத் திறக்கவில்லை என்பதும் முழு உண்மையல்ல. அந்தச் சத்தத்துக்குக் கைதட்டினேன். வெட்கக்கேடு.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு நல்ல வசனம் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.