ரூபாவின் ரயில்

திருவேங்கடம் இருபத்தெட்டு வருடம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டியவர். போன மாதக் கடைசியில் டிப்போவில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. மனைவி பத்மாவதி இறந்து இரண்டு வருடமாகிறது. ஒரே மகள் ரூபா சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். புதிய சுரங்கப் பாதை திறந்ததிலிருந்து அவளுக்கு லீவே இல்லை. போன் செய்தால், "தூக்கம் வருது நைனா" என்பாள். இவர் சேதியைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவார்.

நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று ஒரு புதன்கிழமை விடியலில் பஸ் ஏறினார்.

புதுப் பாதையின் முதல் ஸ்டேஷனில் மூன்று ரயில்களை விட்டுவிட்டார். நான்காவதின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ரூபா தெரிந்தாள். அவள் இவரைப் பார்க்கவில்லை. முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநர் அறையின் மூடிய கதவையொட்டி நின்றுகொண்டார். ரயில் கிளம்பியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிகூடத் தள்ளாடவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "பிரேக் பாத்தியா? எம் பொண்ணு!" என்றார். அவர் காதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்டேஷனில் ரூபா இறங்கி, மறுமுனையிலிருந்து ரயிலை எடுக்க வேகமாக நடந்தாள். இவர் கூடவே ஓடினார்.

"நைனா! எப்ப வந்தே? ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. பிரேக் ரொம்ப நல்லா புடிச்சே."

"அது கம்ப்யூட்டரே புடிக்கும் நைனா. நான் கதவுதான் பாத்துக்கினு இருப்பேன்."

நான்கு பெட்டி நீளமும் நடந்து முடிந்தது. அவள் அறைக்குள் ஏறும்போதுதான், "ரிடையர் ஆயிட்டேம்மா" என்றார்.

"எப்ப?"

"போன மாசம்."

அவள் முகம் மாறியது. "மூணு மணிக்கு டூட்டி முடியும். இங்கியே உக்காந்திரு, போயிடாதே" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

திருவேங்கடம் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு முறை ரூபா ரயிலோடு வந்து போனாள். கையை மட்டும் அசைத்தாள். மூன்றரைக்கு ஸ்டேஷன் ஊழியர் பெண்ணொருத்தி வந்தாள். "நீங்க ரூபா அப்பாவா? அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலை சார். அவங்களையே நிறுத்திட்டாங்க. போனும் உள்ளே எடுத்துட்டுப் போகக்கூடாது. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"பரவால்லம்மா. டூட்டின்னா அப்படித்தான்" என்று எழுந்தார்.

சித்தூர் பஸ்ஸில் ஓட்டுநர் பழனி அவரை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணா, முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டான். வேண்டாமென்று கையசைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நகரி தாண்டியதும் போன் அடித்தது.

"போன மாசமே ஏன் நைனா சொல்லல?" ரூபா அழுதுகொண்டிருந்தாள்.

"நீ தூக்கத்துல இருந்தே."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இனிமே பகல்லாம் தனியா இன்னா பண்ணுவே?" என்றாள்.

அதை அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை. "துன்னுட்டுப் படும்மா" என்றார். அவள் போனை வைக்கும்வரை காதிலேயே வைத்திருந்தார்.