மீன் லாரியில் ஏறிய பழங்காற்று

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. பெரியம்மா மகள் போனில் சொல்லச் சொல்ல, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். ஆராய்ச்சி நிலையத்தில் மலைப்பனியைப் பாதுகாப்பது அவள் வேலை. அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் பனிக்காரி. "எழுதறதுன்னா எழுது. ஆனா என்னை அழ வைக்காதே. நான் அழலை," என்றாள்.

முதல் வாக்கியத்தை இப்படித் தொடங்கினேன்: "பூமி காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு..."

(அடித்துவிட்டேன். பூமிக்குக் காய்ச்சல் என்று எழுதாதவர் யார்? கதை ஒரு குளிர் அறையில் நடக்கிறது. அங்கேயே போவோம்.)

2

அந்த அறை நிறைய உருளை உருளையாகப் பனி, எங்கோ ஒரு மலை முகட்டைத் துளைத்து எடுத்தது. ஒவ்வோர் உருளைக்குள்ளும் குமிழிகள். குமிழிகளுக்குள், ஆலைகள் தோன்றுவதற்கு முன் வீசிய காற்று.

[கட்டுரை வாசம் அடிக்கிறது, தெரியும். இது இல்லாமல் கதை நகராது.]

அந்தக் காற்றோடு ஒப்பிட்டால் இன்றைய காற்றில் கரியமில வாயு ஒன்றரை மடங்கு. கூடியது எங்கிருந்து வந்தது என்று சந்தேகப்படவும் இடமில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வந்த வாயு தன் அடையாளத்தைத் தன் கரி அணுக்களிலேயே வைத்திருக்கிறது. பனிக்காரிக்கு அந்த உருளைகள் சாட்சிகள். திரும்ப அழைத்துவர முடியாத சாட்சிகள். துளையிட்ட முகடு, பனி உருகி, இப்போது வெறும் பாறை.

அன்று வெயில் தாங்காமல் ஊரே ஏசியைப் போட, மதியம் மின்சாரம் போனது. நிலையத்து ஜெனரேட்டர் சூட்டில் திணறி நின்றது. சாட்சியைக் கலைக்கக் குற்றவாளியே வந்துவிட்டான். (இந்த வாக்கியத்தைப் பனிக்காரி வெட்டச் சொன்னாள். மனம் வரவில்லை.)

3

அவளுக்குத் தெரிந்த பெரிய குளிர்கிடங்கு ஒன்றுதான்: துறைமுகத்தில் கொழுந்தனின் மீன் கிடங்கு. ஆனால் அவன் அவள் வேலையைக் கிண்டலடித்தே விருந்துகளில் பொழுது போக்குகிறவன். போன விருந்தில், "வெயில் காலத்துல வெயில் அடிக்காம வேற என்ன அடிக்கும் அண்ணி?" என்று கேட்டுப் பேச்சு தடித்தது. பாதிச் சாப்பாட்டில் அவள் எழுந்துபோனாள். அதோடு பேச்சு நின்றது.

இப்போது அவனைத்தான் அழைத்தாள்.

"தம்பி, என் பனியெல்லாம் உருகப்போகுது. உங்க கிடங்குல ஓர் அறை வேணும்."

அவன் உடனே கேட்டான், "எவ்வளவு குளிர் வேணும்?"

"மைனஸ் இருபதுக்குக் கீழ."

"மீன் உறைய வைக்கிற அறை முப்பது வரைக்கும் போகும். காலி பண்றேன். எங்க ஜெனரேட்டர் நல்லா ஓடுது. மீன் ஏத்தற குளிர் லாரியும் கொண்டாரேன். நான் வர்ற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க அண்ணி. குளிர் வெளியே போனா போனதுதான்."

(இவ்வளவு சுலபமாகவா ஒருவன் இறங்கிவருவான்? நம்ப முடியாமல் முதல் பிரதியில் அவனை மன்னிப்புக் கேட்க வைத்தேன். "அவர் எங்க மன்னிப்பு கேட்டார்? லாரியோட வந்தார், அவ்வளவுதான்," என்றாள் பனிக்காரி.)

4

லாரிகள் வந்தன. விஞ்ஞானிகளும் மீன் ஏற்றுகிறவர்களும் ஒரே வரிசையில் நின்று, பச்சைக் குழந்தையைக் கைமாற்றுவதுபோல உருளைகளைக் கைமாற்றினார்கள். வழியில் சிக்னல்கள் செத்துக் கிடந்தன. சாலை அசையவில்லை. கொழுந்தன் இறங்கி, கொளுத்தும் வெயிலில் லாரிக்கு முன்னால் நடந்தான்.

"கொஞ்சம் ஒதுங்குங்கப்பா. உள்ள பனி இருக்கு."

ஒரு பேருந்து பின்னால் நகர்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. வழி பிறந்தது.

கிடங்கில் முதல் பெட்டியைத் திறந்து வெப்பமானியை வைத்தாள். முள் மைனஸ் பதினாறில் நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. எதுவும் உருகவில்லை. ஏற்றுகிறவர்களில் யாரோ விசிலடித்தார்கள். கிடங்கு முழுக்க விசில்.

"அண்ணி, ஒண்ணு உடைஞ்சுபோச்சு. என் கைதான் தவறிடுச்சு."

"ஒண்ணுதானே தம்பி. மத்ததெல்லாம் இருக்கு. எல்லாம் இருக்கு." அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அவனும் சிரித்துவிட்டான்.

5

உடைந்த துண்டொன்றை டம்ளர் தண்ணீரில் போட்டு அவனிடம் நீட்டினாள். "காதுகிட்ட வைங்க."

படபடவென்று பொரிந்தது.

"என்ன சத்தம் இது?"

"காத்து. நம்ம கொள்ளுத்தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி அடைபட்டது. இப்பத்தான் வெளியே வருது."

துண்டு முழுதும் கரையும்வரை அவன் டம்ளரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில், "நீங்க சொன்னதுதான் சரி அண்ணி," என்கிறான். மற்றதில், பழைய கிண்டலையே எடுக்கிறான். இரண்டும் பொய். நடந்தது வேறு: டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் ஒரு கேள்வி கேட்டான். உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக, முதல் முறையாக.

அதை நான் எழுதப்போவதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபின் நீங்கள் என்ன கேட்பீர்களோ, அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லப் பனிக்காரி இருக்கிறாள். பனியும் இருக்கிறது.