தூசியா, நூலா?

ஒரு வாரமாக எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே மேஜை. "நீங்க ரெண்டு பேரும் இப்படியே இருங்க. படமெல்லாம் சுத்தமா வருது" என்று பக்கத்து அறைத் தோழி கிண்டலடித்தாள்.

அவள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. உயிருள்ள செல்களை மிளகளவு வலையில் வைத்து, கண் இமைப்பதற்குள் உறைய வைத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வலையைத் தூக்கும்போது மூச்சுக் காற்று பட்டால் போதும், ஈரம் பனியாகப் படிந்து படத்தை மறைத்துவிடும். அதனால் அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு நூல். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா இரண்டை மெல்லிய நூல் ஒன்று இணைத்திருந்ததைப் பழைய படத்தில் பார்த்தேன். அவர் தூசி என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தூசிக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு மைக்ரோஸ்கோப் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். மனுஷர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் மட்டும் இளைத்தவளா என்ன?

இன்று மாலைக்குள் நூல் மறுபடி தெரியாவிட்டால் மைக்ரோஸ்கோப் வேறு குழுவுக்குப் போய்விடும் என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளை மாதிரி வளர்த்த ஆராய்ச்சி அது.

முதல் வலையில் ஒன்றுமில்லை. இரண்டாவதை ஏற்றி, செல்லின் ஓரத்தை அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். திரையில் இரண்டு மைட்டோகாண்ட்ரியா, நடுவே நூல். பக்கத்திலேயே இன்னொரு ஜோடி, அங்கேயும் நூல். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் எதையும் முதலில் யாரிடம் சொல்வேனோ, அவரோடுதானே பேச்சில்லை.

ஆதாரத்துக்கு இன்னொன்றும் இருக்கட்டும் என்று மூன்றாவது வலையை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்து, அவர் கதவுப் பக்கம் திரும்பி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"நீ சொன்னதுதான் சரி. அது நூல்தான்."

இடுக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நான்தான் வீம்புக்குத் தூசின்னு சாதிச்சேன். மத்த நேரத்துல சொன்னா என்னை முழுசா பேச விடமாட்டே. அதான் இப்ப சொல்றேன்."

உதட்டைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டேன். வலை முழுக்க வெள்ளையாகப் பனி.

"போச்சு" என்றார்.

"போகட்டும் விடுங்க. முதல்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டேன்.