குழாயின் வாயில் கட்டிய வலை

தோழர்களே, திருப்பதியில் ஒரு விடுதியின் பின்கட்டுக்கு என்னோடு வாருங்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நீங்கள் சாட்சியாக நிற்க வேண்டும். குற்றவாளியைத் தேடி அலைய வேண்டாம். உங்களை அழைப்பவனே அவன்.

அந்நியச் சரக்குக்கு நாட்டின் கதவுகள் திறந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. விடுதி முதலாளி கோவர்த்தனன், படுக்கை விரிப்புகளை உலர்த்தச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய டிரையரை வரவழைத்தார். அங்கே மின்வேலை செய்பவன் நான். மாலையில் மேடையேறித் தீட்டையும் தீண்டாமையையும் சாடுபவன். டிரையரை இயக்கியவள் ஜெயம்மா. கங்காதர நெல்லூரில் கூலிவேலை அற்றுப்போனதால் நகரத்துக்குப் பிழைக்க வந்தவள்.

நாற்பது நிமிடத்துக்கு முடுக்கினால் பன்னிரண்டாம் நிமிடத்திலேயே டிரையர் நின்றது. ஈர விரிப்பைக் கண்ட யாத்திரிகர்கள் சண்டையிட்டார்கள். கதவின் சுவிட்சைச் சோதித்தேன்; பெல்ட்டை மாற்றினேன்; டைமரைக் கழற்றிப் பூட்டினேன். எதிலும் பழுதில்லை.

“அண்ணா, அது மூச்சு முட்டி நிக்கிற மாதிரி கீது. பின்னால போய்ப் பாரேன்,” என்றாள் ஜெயம்மா.

“மிசினுக்கு ஆஸ்துமாவா? டாக்டரம்மா சொல்லிட்டாங்க!” என்றேன். சலவைக்கூடமே சிரித்தது.

முதலாளி வந்தார். “ஏமய்யா முனிரத்தினம், மிசின்ல கோளாறு இல்லன்னா இன்னா அர்த்தம்?”

‘தெரியவில்லை’ என்னும் ஒரு சொல் போதும். அது என் நாவில் எழவில்லை. “யாராச்சும் கை வெச்சாத்தான் நிக்கும்,” என்றேன், ஜெயம்மாவைப் பார்த்து.

“நான் தொடவே இல்ல சாமி! பாத்துக்கினுதான் உக்காந்திருந்தேன்!”

வேலைக்கள்ளி என்ற பெயரோடு அன்றே வெளியேற்றப்பட்டாள்.

மறுநாள் நானே முடுக்கிவிட்டு அருகில் நின்றேன். வேறு எவருமில்லை. பன்னிரண்டாம் நிமிடத்தில் நின்றது. பின்னால் போய்ப் பார் என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

டிரையரின் சூடான காற்றை வெளியேற்றும் குழாய் சுவரைத் துளைத்து முதலாளி வீட்டுக் கொல்லையில் திறக்கிறது. முடிகாணிக்கை செலுத்தி வருவோரின் துண்டுகளிலும் விரிப்புகளிலும் ஒட்டியிருக்கும் துணுக்கு மயிர், அதன் வழியே பறந்து துளசி மாடத்தில் விழுந்து வந்தது. “தீட்டுப்பா, ஏதாச்சும் பண்ணு,” என்று முதலாளியின் தாய் லட்சுமம்மா என்னிடம் முறையிட்டிருந்தார். மலைமேல் காணிக்கையான மயிர் மண்ணில் தீட்டானது எப்படி என்று புத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் கேட்டுக் கைதட்டல் வாங்கிய வாய் இது. அவர் முன்னே அது திறக்கவில்லை. குழாயின் வாயில் கொசுவலையை நான்கு மடிப்பாக என் கையாலேயே கட்டினேன். இரண்டு மாதத்தில் மறந்தும் போனேன்.

அந்த வலையில் மயிரும் பஞ்சும் கம்பளிபோலத் திரண்டு அடைத்திருந்தன. போக வழியற்ற சூடு ஏறியபோதெல்லாம் இயந்திரம் தீப்பற்றாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. வலையை அறுத்தெறிந்தேன். நாற்பது நிமிடமும் ஓடியது.

“இன்னாய்யா பழுது?” என்றார் முதலாளி.

“ஒயர் ஒண்ணு லூசா இருந்திச்சி.”

முன்பு சொன்னது அறியாமை. இது பொய்! அறிந்தே சொன்ன பொய்! அப்படியானால் ஜெயம்மா மேல் ஏன் பழி என்று அவர் கேட்கவுமில்லை.

ஞாயிறன்று கங்காதர நெல்லூர் சென்றேன். ஊர்க்கோடியில் விறகுக்கு முள் வெட்டிக்கொண்டிருந்த ஜெயம்மாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“பத்து பேர் எதிர்ல என்னைக் கள்ளியாக்கின. இப்ப முள்ளுக்காட்டுல வந்து குசுகுசுன்னு மன்னிப்பா? மீட்டிங்ல உன் தொண்டை ரயிலடி வரைக்கும் கேக்குதாமே. அதே தொண்டையால, அதே எடத்துல சொல்லு. அப்புறம் வர்றேன் வேலைக்கு.”

தலையசைத்துத் திரும்பினேன். மூன்று மாதம் ஊமையாயிருந்தேன். அதற்கிடையே நான்கு கூட்டங்களில் சமத்துவம் பேசினேன், மாலை வாங்கினேன்.

என் துணிவை நானே நம்புவதற்கில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன்: வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் சலவைக்கூடத்தில் கூடுங்கள். ஜெயம்மாவை அழைத்து வந்து நடுவில் அமர்த்துங்கள். முதலாளியையும், அன்று சிரித்தவர்களையும் எதிரே நிறுத்துங்கள். நான் குழறினால் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். அவள் கை மீண்டும் அந்த டிரையரை முடுக்கும் வரை என்னை வெளியே விடாதீர்கள்!