வானத்தில் வளையங்கள்

சுகுணாவுக்கு வாரவிடுப்பு புதன்கிழமை. ஓசூரில் அவள் தங்கியிருந்த வீட்டில் கூட இருந்த பெண்களுக்கெல்லாம் ஞாயிறு. சாத்தூரிலிருந்து வேலைக்கு வந்த நாளாக அவள் லீவு யார் லீவோடும் சேரவில்லை. அதனால்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கி, புதன்தோறும் தளி ஏரிப் பக்கம் போகப் பஸ் ஏறினாள்.

பறவைகளை எடுப்பதற்காக வேறு கம்பெனி லென்ஸ் ஒன்றை வாங்கி மாட்டினாள். அன்றிலிருந்து தொல்லை. மங்கலான வானத்தை எடுத்தால் போதும், கல் விழுந்த குளம்போல வட்டம் வட்டமாகக் கோடுகள். துடைத்துப் பார்த்தாள், மெமரி கார்டை மாற்றிப் பார்த்தாள். பழைய லென்ஸில் மட்டும் அது வரவில்லை.

"கேமரா கம்பெனி லென்ஸே வாங்கியிருக்கணும்ங்க," என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருந்த மணிமேகலையின் நம்பர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. படங்களை அனுப்பிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

"லென்ஸ் மேல தப்பில்ல கண்ணு," என்றாள் மணிமேகலை. "கேமரா அத தன்னோட லென்ஸுன்னு நெனச்சிக்கிட்டு, ஓரத்து இருட்ட சரி பண்றேன்னு கெடுத்து வெக்குது. மெனுவுல லென்ஸ் கரெக்ஷன்னு இருக்கும், ஆஃப் பண்ணிப் பாரு."

அந்த மெனுவில் இருந்த பலவற்றில் ஒன்றை அணைத்த பிறகும் வளையம் லேசாகத் தெரிந்தது. மறுநாள் பேசி, மிச்சமிருந்ததையும் அணைத்தார்கள். நடுநடுவே மணிமேகலை கேட்டாள்: "இது எந்த ஏரி? தனியாவா போற? அங்க குளிருமே, ஸ்வெட்டர் போட்டுக்கோ."

வளையம் போய்விட்டது. "அப்ப சரி கண்ணு, நல்லா எடு," என்று மணிமேகலை போனை வைத்தாள்.

அடுத்த புதன் ஏரிக்கரையில் ஒரு நாரை அழகாக நின்று கொடுத்தது. படத்தில் ஒரு மாசு இல்லை. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சுகுணா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"என்னாச்சு, மறுபடியும் வந்துடுச்சா?"

ஆமாம் என்ற பொய் வாய்வரை வந்தது. "இல்லக்கா. சும்மாதான் பண்ணேன்."

அந்தப் பக்கம் யாரோ போட்டோவுக்கு அவசரப்படுத்தினார்கள். "கூட்டமா இருக்கு கண்ணு. அப்புறமா பேசறேன்," என்றாள் மணிமேகலை.

அப்புறம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு சுகுணா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஒரு பஸ் போயிற்று. ஏறத் தோன்றவில்லை. மதியம் தாண்டி போன் அடித்தது.

"இப்பத்தான் ஒழிஞ்சுது. சொல்லு, சாப்ட்டியா?"

"இல்லக்கா," என்றாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் எடுத்த நாரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.