புகை பகையான பாட்டு

சபையில் அவனுக்குப் பெயர் பாட்டுத் தம்பி. வயது நாற்பத்தொன்று. முன்மண்டையில் முடி விடைபெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் கீபோர்டுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குச் சபையில் வயது ஏறுவதில்லை. வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பான். மிச்ச நேரத்தில் ஆராதனைப் பாட்டு எழுதுவான். இதுவரை முப்பத்தொரு பாட்டு. முப்பத்தொன்றிலும் மழை பெய்தது. எல்லாமே கர்த்தர் கொடுத்தது என்றுதான் சொல்வான். ஆனால் "ரெண்டாவது சரணம் கொஞ்சம் இழுவை" என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் கர்த்தருக்கு வராது, இவனுக்குத்தான் வரும்.

அவனுடைய அக்கா ஒரு ஆயத்த ஆடை ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். ஃபேக்டரி, சபை மூப்பர் ஒருவருடையது. ஆராதனைக் கூடத்துக்குப் பன்னிரண்டு ஸ்பீக்கர் வாங்கித் தந்தவர் என்பதால் அவருக்கு ஸ்பீக்கர் ஐயா என்று பெயர். பன்னிரண்டிலும் பெரும்பாலும் அவரே பேசினார்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், கர்த்தர் தன்னைக் காத்ததைச் சாட்சியாகச் சொல்ல அக்கா எழுந்தாள். ஞாயிறு தவிர வேறு நாளில் ஸ்பீக்கர் ஐயா வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை சுவிட்ச் போர்டு எரிஞ்சு ஹால் முழுக்கப் புகை. பின்கதவைத் தட்டினோம். பூட்டியிருந்துச்சு. நாங்க துணியை எடுத்துட்டு ஓடிடுவோம்னு எப்பவுமே பூட்டித்தான் வைப்பாங்க. சாவி சூப்பர்வைசர் பையில. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிட்டார். நாப்பது பேரு. திறக்கிறவர் யாருப்பான்னு கத்தினோம். கடைசியில இஸ்திரி மேசைக் காலைப் பிடுங்கிப் பூட்டை..."

"அல்லேலூயா!" என்றார் பாஸ்டர். பூட்டு உடைவதற்குள் சாட்சியை முடித்துவைத்துவிட்டார்.

கீபோர்டுக்குப் பின்னால் இருந்தவனுக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. தட்டினோம், திறக்கிறவர் யார், புகை. அடடா, என்ன வார்த்தைகள்! வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மெட்டு வந்துவிட்டது. எழுதி முடித்ததும் இரண்டே இரண்டு திருத்தம் செய்தான். 'நாங்கள்' என்பதை 'நான்' என்று ஆக்கினான். தனியாகக் கண்மூடிப் பாட அதுதான் வசதி. 'புகை' என்பது ஏனோ இருமலை வரவழைத்தது. 'பு'வின் கீழ்க்கோட்டை அழித்துவிட்டான். 'பகை' ஆயிற்று.

*பகை என்னைச் சூழ்ந்தது, கதவைத் தட்டினேன்,
திறந்தீரே வாய்ப்பின் வாசலை.*

ஸ்பீக்கர் ஐயாவுக்குப் பாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. ஃபேக்டரிக்குப் புதுக் கிளை தொடங்கக் கடன் கேட்டு பேங்குக்கு அலைந்துகொண்டிருந்தவருக்கு வாய்ப்பின் வாசல் பிடிக்காமல் என்ன செய்யும்? வீடியோவுக்குத் தாமே பொறுப்பேற்றார். படப்பிடிப்பில் சூழல் போதவில்லை என்று புகை மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். பாட்டில் விட்ட புகை படத்தில் வந்து சேர்ந்தது. நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

நான்கு லட்சத்தில் ஒருத்தி அக்கா. துணி மடித்துக்கொண்டே போனில் பார்த்தாள். முழுக்கப் பார்த்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"டேய், இது நான் சொன்னதுதானே?"

"கர்த்தர் கொடுத்த பாட்டுக்கா."

"உனக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொடுத்திருந்தாரு. நடுவுல நீ எடுத்துக்கிட்ட. அது போகட்டும், யாருடா அந்தப் பகை?"

"அது வந்து... ஆவிக்குரிய அர்த்தத்துல..."

"எரிஞ்சது ஒயருடா. ஒயருக்கு எங்க மேல என்ன பகை?"

அக்காவே தொடர்ந்தாள்.

"எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு சொல்வாங்க. நீ பிடுங்கினதோட நிக்கல, மெட்டும் போட்டுட்ட."

கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியை அவன் கடைசியாகக் கேட்டான். "இப்ப அந்தக் கதவு திறந்திருக்காக்கா?"

"இப்பவாவது கேட்டியே, புண்ணியமாப் போச்சு. ரெண்டு பூட்டு போட்டிருக்காங்க. முதல் பூட்டைத்தான் நாங்க உடைச்சிட்டோமே!"

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கடையிலிருந்து நடந்தே அந்த ஃபேக்டரியின் பின் சந்துக்குப் போனான். பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. இரண்டு பூட்டு. மேலே ஜன்னல் கம்பிகளைச் சுற்றி, மை தீட்டியதுபோல் கரி. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது; வேலை நேரத்தில் தொழிலாளர்கள் மனம் அலையாமல் இருக்க நிர்வாகம் பாட்டுப் போடுவது வழக்கம். காது கொடுத்தான். அவனுடைய குரல்தான். 'திறந்தீரே, திறந்தீரே' என்று உருகிக்கொண்டிருந்தான்.

வாழ்நாளில் முதல் முறையாகத் தன் பாட்டைக் கேட்டு அவன் கூசிப்போனான்.

அன்று சாயங்காலமே புதுச் சரணம் எழுதி அக்காவிடம் நீட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'திரளானோர்'னு போடாத. நாங்க திரள் இல்ல, நாப்பது பேர். அப்புறம் 'நான்' எதுக்கு? நீயா உள்ள இருந்த?"

திருத்தியதைப் பாஸ்டரிடம் கொண்டுபோனான். நல்ல மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர், அதிலும் ஸ்பீக்கர் வாங்கித் தரும் மனம்.

"ரொம்ப ஆழமா இருக்கு தம்பி. ஆனா 'பூட்டு' வேண்டாமே. 'தடை'ன்னு வச்சா எல்லாருக்கும் பொருந்தும். 'சாவி'க்கு 'கிருபை'. 'நாப்பது பேர்' கணக்குப் பாடம் மாதிரி இருக்கு. 'புகை'... அதுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல வார்த்தை வச்சிருந்தீங்களே?"

பழைய பாட்டே முழுசாகத் திரும்பி வந்து நின்றது. அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் புதுக் கிளையின் பிரதிஷ்டை. விழா பழைய ஃபேக்டரி முற்றத்தில்தான். பந்தல், நாற்காலிகள், முன்வரிசையில் மூப்பர்கள், அவர்களோடு துணி வாங்கும் கம்பெனியிலிருந்து வந்த ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும். தொழிலாளர்கள் பின்னால் நின்றார்கள். நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தானே. ஸ்பீக்கர் ஐயா கேட்டதே அந்தப் பாட்டைத்தான்.

பல்லவி பாடினான். பிறகு புதுச் சரணம்:

*புகை எங்களைச் சூழ்ந்தது, நாற்பது பேர் தட்டினோம்,
பூட்டியவர் உமது பிள்ளை, சாவி அவர் கையிலே;
பூட்டாதேயென்று சொல்லும், எங்கள் தேவனே.*

பின்வரிசையில் யாரோ 'ஹா' என்று மூச்சை இழுத்தார்கள். முன்வரிசையில் ஸ்பீக்கர் ஐயா கண்களை மூடி, கையை உயர்த்தி, கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றார். பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கினார். "என் வாழ்க்கையிலயும் எதிரி இப்படி எத்தனை பூட்டு போட்டான்! ஆமென்!"

பாட்டுத் தம்பி இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், நிறுத்தச் சொல்வார் என்றுதான் நினைத்து வந்திருந்தான். ஆமென் சொல்லுவார் என்று யார் கண்டது? இத்தனை வருஷம் உவமையாகவே எழுதிப் பழக்கிவிட்டதற்குக் கிடைத்த கூலி.

"ஐயா," என்றான். "அது உங்க வாழ்க்கையில இல்லீங்க. பேக்கிங் செக்‌ஷன்ல. பச்சைக் கதவு. நீங்க போட்ட பூட்டு."

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தது.

"ஜெபிப்போம்," என்றார் பாஸ்டர். சொல் கிடைக்காத இடத்திலெல்லாம் அவருக்குக் கைகொடுக்கும் சொல் அது.

"ஜெபிக்கலாம் பாஸ்டர்," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அதுக்கு முன்னாடி சாவியைக் கொடுக்கச் சொல்லுங்க."

துணி வாங்க வந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "எந்தக் கதவு?" என்றார். கூட்டம் முழுக்க அங்கே போயிற்று. சூப்பர்வைசரைத் தேடினார்கள். அவர் விருந்துப் பந்தியை மேற்பார்வையிடப் போயிருந்தார். சாவி வர பதினேழு நிமிஷம் ஆயிற்று. பட்டும் கோட்டும் உடுத்தியவர்கள் அந்தப் பதினேழு நிமிஷமும் மூடிய கதவைப் பார்த்தபடி வேர்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் பாடவில்லை.

அந்த வாரமே பூட்டுகள் போயின. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு வந்தது. 'தொழிலாளர் நலனே எங்கள் ஊழியம்' என்று பக்கத்தில் ஒரு பலகையும் வந்தது. திறப்பு விழாப் படத்தில் ஸ்பீக்கர் ஐயாவின் சிரிப்பு கதவைவிட அகலம். அக்காவைப் பட்டன் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான், ஆனால் ஜன்னலே இல்லாத மூலை. வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் அவள் அந்த மூலையில் போய் உட்கார்ந்தாள்.

தம்பிக்குச் சபையில் 'ஆவிக்குரிய ஓய்வு' கிடைத்தது. எத்தனை நாள் என்று கேட்டான். ஆவியானவர் உணர்த்துவார் என்றார்கள். அவர் யாருக்கும் உணர்த்தவில்லை. கீபோர்டுக்குப் பின்னால் இப்போது வேறொரு தம்பி.

அவன் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தான். இந்த முறை அக்கா வீட்டுச் சமையலறையில், மேசைமேல் போனைச் சாய்த்துவைத்து, பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஆறு பேரோடு. அவர்களில் இரண்டு பேருக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. கீழே எழுதினான்: 'வார்த்தைகள்: அக்காவும் உடன் வேலை செய்தவர்களும். மெட்டு மட்டும் என்னுடையது. முந்தைய பாட்டில் கேட்காமல் எடுத்தேன், மாற்றினேன். தவறு. யார் வேண்டுமானாலும் பாடலாம்.' முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர், 'ஆசீர்வாதமான பாட்டு, ஆனால் அரசியல்' என்று வருத்தப்பட்டிருந்தார்.

சில வாரம் கழித்து ஒரு போன் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் பெண். "பாட்டு எழுதுறவருங்களா?"

"ஆமாம்மா. உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

"பாட்டு அப்புறம். முதல்ல ஒரு தடவை வந்து பாருங்க."

லீவு நாளில் போனான். நிலவறை, ஆவி, பிளீச்சிங் வாடை, தள்ளுவண்டிகளில் மலை மலையாகப் படுக்கை விரிப்புகள். நோட்டும் பேனாவும் எடுத்துப்போயிருந்தான். யார் என்ன என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. கையில் ஒரு விரிப்பைத் திணித்தார்கள். இரண்டு மணி நேரம் மடித்தான். மூன்று பேர் மூன்று விஷயம் சொன்னார்கள். எதுவும் ஒன்றோடொன்று எதுகைக்கு ஒத்துவரவில்லை.

"பாட்டு ஒண்ணும் வரல," என்றான், குற்றம் செய்தவன்போல.

"பரவால்ல," என்றாள் எதிரே நின்றவள். "அந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."